90 நொடி ஆடிஷன்: ஏழு நிமிட செட்டை எங்கே வெட்டுவது?

#1 ஒற்றைமைக்

வணக்கம். டிவி திறமைப் போட்டி ஒன்றின் முதல் சுற்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இன்னும் பதினாறு நாள். பாடுகிறவர், ஆடுகிறவர், மேஜிக் செய்கிறவர் எல்லாரும் வரும் பொதுப் போட்டி. எனக்குக் கொடுத்திருப்பது 90 நொடி.

மூன்று வருடமாக ஓப்பன் மைக்கில், அதாவது யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஏறும் மேடையில், ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறேன். கையில் நம்பிக்கையான ஏழு நிமிட செட், அதாவது தொடர்ந்து சொல்லும் ஜோக்குகளின் கோவை, இருக்கிறது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் அது பெரும்பாலும் கைவிட்டதில்லை. நேற்று அதிலிருந்து நல்ல இடங்களாகப் பொறுக்கி 90 நொடிக்கு அடக்கி, நண்பர்கள் மூன்று பேர் முன்னால் பேசிப் பார்த்தேன். உயிரே இல்லை. அதே வரிகள், அதே ஆள். எங்கே தப்பு என்று புரியவில்லை. அதிலிருந்து ஒரு பகுதியை அப்படியே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"எல்லாருக்கும் வணக்கம், எப்படி இருக்கீங்க? நான் வேலை விஷயமா மூணு வருஷமா வெளியூர்ல தங்கியிருக்கேன். அதனால அப்பா அம்மாகிட்ட வீடியோ கால்லதான் பேசறது. எங்க அப்பாவுக்கு போனை எப்படிப் பிடிக்கணும்னு தெரியாது. அதனால எப்பப் பாத்தாலும் அவரோட நெத்தி மட்டும்தான் எனக்குத் தெரியும். மூணு வருஷமா நெத்தியைப் பாத்தே பேசிட்டிருக்கேன். போன மாசம் ஊருக்குப் போனேன். ஸ்டேஷனுக்கு என்னைக் கூப்பிட வந்திருந்தாரு. அவ்வளவு கூட்டத்துல அவரோட நெத்தியை வச்சுத்தான் நான் அவரைக் கண்டுபிடிச்சேன்."

#2 பூவரசி

வாழ்த்துகள் தம்பி. முதல் சுற்றுக்கு அழைப்பு வருவதே சின்ன விஷயம் இல்லை.

நீங்கள் வெட்டியதுதான் தப்பு. ஏழு நிமிட செட்டில் முதல் ஒன்றரை நிமிடம் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் யார், எந்தக் குரலில் பேசுவீர்கள், எதைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும், எவ்வளவு தூரம் போவீர்கள் என்று கூட்டம் உங்களைப் பழகிக்கொள்கிறது. நாலாவது நிமிடத்தில் வரும் பெரிய சிரிப்பு, அந்தப் பழக்கத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. அந்த வரியை மட்டும் பிடுங்கி வந்து முதல் நொடியில் நட்டால் வேர் பிடிக்காது. முன்னால் சொன்ன ஜோக்கைப் பின்னால் திரும்பத் தொடும் கால்பேக் எல்லாம் போயே போச்சு.

90 நொடியைத் தனி வடிவமாக நினைத்துப் புதிதாக எழுதுங்கள். ஒரே விஷயம், ஒரே படம். முதல் சிரிப்பு பத்துப் பதினைந்து நொடிக்குள் வந்தே ஆகவேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் உங்களுக்கு முன்னால் தீப்பந்தம் சுழற்றியவரைப் பார்த்திருப்பார்கள். அவருக்குத் தீ இருக்கிறது. உங்களுக்கு வெறும் மைக்.

அப்பாவின் நெற்றி நல்ல படம். அதை விடாதீர்கள்.

#3 கத்தரிக்கோல்

பூவரசி அக்கா சொன்னதே சரி. நான் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கடிகாரம் வைத்துப் படித்தேன். என் வேகத்தில் 36 நொடி. கடைசி வரியில்தான் சிரிப்பு. 90 நொடியில் 35 நொடியைச் சிரிப்பே இல்லாமல் கடத்துகிறீர்கள், அது கட்டுப்படியாகாது.

"எல்லாருக்கும் வணக்கம், எப்படி இருக்கீங்க?" வேண்டாம். ஓப்பன் மைக்கில் அது கூட்டத்தின் சூடு பார்க்க உதவும். இங்கே அதற்கு நேரமில்லை.

"வேலை விஷயமா வெளியூர்ல தங்கியிருக்கேன், அதனால", "போனை எப்படிப் பிடிக்கணும்னு தெரியாது, அதனால". இரண்டு "அதனால" இருக்கிறது பாருங்கள். காரணம் சொல்லிக்கொண்டே போகிறீர்கள். வீடியோ காலில் அப்பாவின் நெற்றியைப் பார்க்காத பிள்ளை யார் இருக்கிறார்கள்? படத்தைக் காட்டுங்கள், காரணத்தை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது, "நெத்தி". பஞ்ச் வருவதற்குள் இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள். மூன்றாவது முறை அது வரும்போது அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஆரம்பத்தில் ஒரு முறை சொல்லுங்கள், பிறகு கடைசி வரை அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

இனி வருவதுதான் முக்கியம். தமிழில் வினை கடைசியில் உட்காரும். "நெத்தியை வச்சுத்தான் நான் அவரைக் கண்டுபிடிச்சேன்" என்றால், சிரிப்பு கிளம்பும் இடம் "நெத்தியை". அதற்கப்புறம் நாலு சொல் வருகிறது. கேட்கிறவர் சிரிக்க வாயெடுக்கும்போது நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மரியாதைக்காக அவர் சிரிப்பை அடக்கி, நீங்கள் முடிக்கும் வரை காத்திருக்கிறார். அதற்குள் சிரிப்பு ஆறிவிடும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் தானாகவே கடைசியில் வந்து விழ வசதி உண்டு. நாம் அதற்கு உழைக்கவேண்டும். வினையை முன்னால் தள்ளி ஒரு வாக்கியமாக முடித்துவிட்டு, பஞ்ச்சை வினையே இல்லாத தனி வாக்கியமாகப் போடவேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்லும்போது இதைத் தானாகவே செய்வார்கள்: "திரும்பிப் பாத்தேன். யாரு? உங்க மாமா!" அந்த "யாரு?" சும்மா வருவதில்லை. வினையைத் தீர்த்துவிட்டுப் பெயருக்கு இடம் விடுகிறது.

நான் வெட்டினால் இப்படி:

"எங்க அப்பா வீடியோ கால்ல வந்தா, தெரியறது நெத்தி.
மூணு வருஷம். முகத்தையே பாக்கலை.
போன மாசம் ஸ்டேஷன்ல இறங்கறேன். ஐந்நூறு பேர் நிக்கறாங்க. ஒரே செகண்ட்ல கண்டுபிடிச்சுட்டேன்.
அதே நெத்தி."

முதல் வரியில் "மட்டும்தான்" கூட வேண்டாம். நெத்தி என்று நிறுத்தினால் மட்டும்தான் என்று கேட்கிறவர் மனதில் விழும். சிரிப்புக்கு நிறுத்தும் இடத்தோடு சேர்த்து 15 நொடி.

#4 ஒற்றைமைக்

அண்ணா, இதைச் சத்தம் போட்டுப் படித்ததும் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. மூன்று வருடமாக என் செட்டில் இருக்கும் பாதிப் பஞ்ச், வினைக்கு முன்னால் மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது. நேற்று இரவு உட்கார்ந்து பதினொரு இடத்தைக் குறித்துவைத்தேன்.

நெத்திக்கு அடுத்து, அதே ஜோக்கின் மேல் இன்னொரு சிரிப்பாக ஒரு டேக் எழுதியிருக்கிறேன். பார்க்கமுடியுமா?

"பக்கத்துல ஒருத்தங்க நின்னாங்க. யாருன்னே தெரியலை. வாயைத் திறந்தாங்க.
'தள்ளுங்க, நான் பேசறேன்.'"

#5 கத்தரிக்கோல்

தொடாதீர்கள். அம்மா என்ற சொல்லே இல்லாமல் அம்மா வந்துவிட்டார். அப்படியே இருக்கட்டும்.

#6 பின்வரிசை

கைத்தொழிலைப் பற்றி எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் ஏன் போகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே. நான் கேட்கிறேன்.

இந்தப் போட்டிகளில் முடிவை எடுப்பது சிரிப்பு இல்லை, தயாரிப்பு. அமெரிக்காவில் என்பிசி சேனல் 2003-இல் தொடங்கிய 'லாஸ்ட் காமிக் ஸ்டாண்டிங்' முழுக்க முழுக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர்களுக்கான போட்டி. அதன் இரண்டாவது சீசனில், 2004-இல், இறுதிக்குப் போனவர்கள் பட்டியலுக்கும் தாங்கள் போட்ட ஓட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நடுவர்களாக உட்கார்ந்த ட்ரூ கேரி, பிரெட் பட்லர் இருவருமே வெளிப்படையாகச் சொன்னார்கள். நடுவரே அறியாமல் முடிவு நடந்திருக்கிறது! அடுத்த சீசனை இறுதிச் சுற்றுக்கு முன்பே அந்தச் சேனல் நிறுத்திவிட, யார் வென்றார் என்பதைக் காட்ட காமெடி சென்ட்ரல் சேனல் வரவேண்டியிருந்தது. இறுதி வரை வந்து நின்ற கலைஞர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அதோடு, ஒரு ஜோக் டிவியில் ஒருமுறை போனால் முடிந்தது. பாடகர் அதே பாட்டை ஆயிரம் மேடையில் பாடலாம், கைதட்டல் கூடத்தான் செய்யும். நம்முடைய மெட்டீரியல் எரிந்துவிடும். மூன்று வருடம் சேர்த்ததை 90 நொடியில் எரிக்கவேண்டுமா என்று யோசியுங்கள்.

#7 பூவரசி

பின்வரிசை சார், எரிந்துபோகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 90 நொடிதானே எரிகிறது? மீதி ஐந்தரை நிமிடம் அவரிடமே இருக்கிறது. சிறந்த 90 நொடியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

வெற்றி தோல்வி பற்றி. அதே லாஸ்ட் காமிக் ஸ்டாண்டிங்கில் 2007-இல், பிறகு ஹாலிவுட் நட்சத்திரமான ஏமி ஷூமர் நாலாவதாக வந்தார். 1976-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த காமெடிப் போட்டியில், பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய ராபின் வில்லியம்ஸுக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். இந்தியில் 2005-இல் நடந்த கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்சில் வென்றவர் சுனில் பால். ஆனால் அந்த மேடையிலிருந்து வீட்டுக்கு வீடு போனவர் ராஜு ஸ்ரீவாஸ்தவ். கலக்கப்போவது யாரு மேடையிலிருந்து சிவகார்த்திகேயன் எங்கே போனார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. முகம் தெரிவதற்காகத்தான் நாங்கள் போகிறோம். கோப்பைக்காகப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு.

#8 பின்வரிசை

அக்கா, அந்த வரிசையில் வராத ஆயிரம் பேரையும் நினைத்துத்தான் சொன்னேன். தம்பி போகட்டும். கையெழுத்துப் போடும் தாளை மட்டும் படித்துவிட்டுப் போகட்டும்.

#9 மூன்றாம்மணி

இந்த மாதிரி நிகழ்ச்சிகளின் ஆடிஷன் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தேன். எந்த நிகழ்ச்சி என்று சொல்லவில்லை. உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், தம்பிக்கு உதவும்.

முதல் சுற்றில் பெரும்பாலும் டிவியில் வரும் நடுவர்கள் இருக்கமாட்டார்கள். ஒரு சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு பேர், ஸ்டாண்டில் ஒரு கேமரா. உங்கள் நெஞ்சில் ஒரு எண் ஒட்டியிருக்கும். மைக்கே இல்லாமலும் இருக்கலாம். காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். சிரிக்கமாட்டார்கள். சிரிப்பு வராமல் இல்லை, குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள். நல்ல நல்ல கலைஞர்கள் அந்த மௌனத்தில் பயந்து வேகமெடுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 90 நொடி செட்டை 55 நொடியில் முடித்துவிட்டு, மூச்சு வாங்க நிற்பார்கள். சிரிப்புக்கென்று விட்ட இடத்தைச் சிரிப்பு வராவிட்டாலும் விடுங்கள். மேசையில் இருப்பவர் தேடுவது, பெரிய அரங்கில் இந்த ஆள் எப்படி நிற்பார் என்பதை. இடைவெளியை விட்டுப் பேசினால்தான் அது அவருக்குத் தெரியும்.

வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது சுவரைப் பார்த்துப் பேசுங்கள். நண்பர்கள் முன்னால் வேண்டாம், அவர்கள் முகத்தில் ஏதாவது ஒன்று தேடத் தொடங்கிவிடுவீர்கள்.

"இதைத் தவிர வேறு இருக்கா?" என்று கேட்பார்கள். அது நல்ல அறிகுறி. பலர் அங்கேதான் விழுவார்கள், ஏனென்றால் ஒன்றுதான் கொண்டுவந்திருப்பார்கள். முதலாவதோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு 60 நொடியைத் தயாராக வைத்திருங்கள்.

சட்டையில் கம்பெனி பெயர், லோகோ வேண்டாம். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலையடிக்கும். சினிமாப் பாட்டு ஒரு வரி கூடப் பாடாதீர்கள், உரிமைப் பிரச்சினை வந்தால் அந்த இடத்தையே வெட்டிவிடுவார்கள், உங்கள் பஞ்ச் அதோடு போகும்.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தை நிறுத்திப் படியுங்கள். நீங்கள் பேசியதை எப்படி வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்று இருக்கும், அதை மாற்றமுடியாது. பேசிய வரிகளைப் பிறகு உங்கள் மேடையிலும் உங்கள் சேனலிலும் நீங்கள் பயன்படுத்தலாமா என்று பாருங்கள். எத்தனை மாதம் வேறு சேனலுக்குப் போகக்கூடாது என்றும் பாருங்கள். வாயால் சொன்னதை நம்பாதீர்கள். விதியையும் சேர்த்துப் படியுங்கள்: அமெரிக்கக் காமெடியன் கேப்ரியேல் இக்லேசியஸ் மாதிரிப் பெரிய ஆளே 2006-இல் லாஸ்ட் காமிக் ஸ்டாண்டிங்கிலிருந்து வெளியேற்றப்பட்டார், போட்டியாளர்கள் தங்கிய இடத்தில் விதியை மீறி போன் வைத்திருந்ததற்காக.

#10 தேன்சிட்டு

நான் இதைப் பத்தி எழுதறதில்லைன்னுதான் இருந்தேன். தம்பி போறதால எழுதறேன்.

சில வருஷம் முன்னாடி ஒரு போட்டியில அரங்குச் சுற்று வரைக்கும் போனேன். விண்ணப்பத்துல குடும்பம் பத்திக் கேட்டிருந்தாங்க, அண்ணன் தவறி நாலு மாசம் ஆச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். கேமரா முன்னாடி இருபது நிமிஷம் பேட்டி எடுத்தாங்க. காமெடி பத்தி ஒரு கேள்வி, மீதி எல்லாம் அண்ணனைப் பத்தி.

மேடை ஏறினேன். செட் தொடங்கறதுக்கு முன்னாடி நடுவர்ல ஒருத்தர் கேட்டாரு, "இன்னைக்கு யாரை நினைச்சு வந்திருக்கீங்க?" அவர் கையில இருந்த தாள்ல இருந்துதான் கேட்டாரு. நான் என்ன சொல்வேன்? அண்ணனைன்னு சொன்னேன். ஆயிரம் பேரும் ஒரே நேரத்துல "ச்சொ"ன்னாங்க. முன்வரிசையில ஒரு பொண்ணு கண்ணைத் துடைச்சா. அதுக்கப்புறம் என் முதல் வரி, லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டதைப் பத்தி. ஒருத்தர் சிரிக்கலை. அவங்க மேல தப்பே இல்லை. இப்பதான் அழுதாங்க, உடனே எப்படிச் சிரிப்பாங்க? நாலு வரி செத்துச்சு, அஞ்சாவது வரியில, நடுவர் போதும்னு அடிக்கற பஸ்ஸர்.

செட்டுக்கு முன்னாடி பேசறதும் செட்டுதான். இதை எனக்கு யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சொந்தக் கதையே சொல்லாதேன்னு நான் சொல்லலை. 2018-ல பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்ல ஜெயிச்ச லீ ரிட்லியைப் பாருங்க, 'லாஸ்ட் வாய்ஸ் கை'ன்னு பேரு வச்சுக்கிட்டவரு. பெருமூளை வாதத்தால பேச முடியாதவர். எழுதி வச்சதை ஐபேட் குரலா படிக்கும். அந்தப் போட்டியில ஜெயிச்ச முதல் காமெடியன் அவர்தான். அவரால போற போக்குல ஒரு சொல்லைக் கூட மாத்தமுடியாது, சிரிப்பு ஓய்ற வரைக்கும் காத்திருந்து அடுத்த பட்டனை அழுத்தணும். அந்தக் காத்திருப்பைப் பாத்து நாம எல்லாரும் படிக்கணும். அவர் தன் குரலைப் பத்தி எடுத்த எடுப்பிலேயே ஜோக் அடிச்சுடுவாரு. கூட்டம் பரிதாபப்பட நேரமே கொடுக்கமாட்டாரு. 2006-ல லாஸ்ட் காமிக் ஸ்டாண்டிங் ஜெயிச்ச ஜாஷ் ப்ளூ, 2015-ல அமெரிக்காஸ் காட் டேலண்ட்ல இரண்டாவதா வந்த ட்ரூ லின்ச், இவங்களும் அப்படித்தான். ஜாஷ் ப்ளூவுக்கும் பெருமூளை வாதம், ட்ரூ லின்ச்சுக்குத் திக்கு வாய். மேடையில எல்லார் மனசிலயும் எது ஓடுதோ அதை அவங்களே முதல்ல எடுத்துடறாங்க. கதை அவங்க கையில இருக்கு. என் கதை என் கையில இல்லை.

#11 மூன்றாம்மணி

தேன்சிட்டு, படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்தப் பேட்டிக் கேள்விகளை எழுதிக்கொடுக்கும் வேலையை நானும் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு மேடையில் நிற்கிறவருக்கு என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் யோசித்ததில்லை. யோசித்திருக்கவேண்டும்.

தம்பி, விண்ணப்பத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் மேடையில் கேள்வியாகத் திரும்பி வரும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

#12 ஒற்றைமைக்

தேன்சிட்டு அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. நல்லவேளை, அழைப்போடு நிரப்பச் சொல்லி வந்த விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லை. அப்பாவுக்குப் போன வருடம் நடந்த அறுவை சிகிச்சை பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன்.

இன்னொன்று. பஸ்ஸர் அடித்தால் பேசிக்கொண்டே போகவா, நிறுத்தவா?

#13 கத்தரிக்கோல்

ஒன்று அடித்தால் தொடருங்கள், பெரும்பாலும் எல்லா நடுவரும் அடித்தால்தான் ஆட்டம் முடியும். ஆனால் அந்தச் சத்தத்தின் மேலேயே பேசாதீர்கள், வரி வீணாகும். சத்தம் அடங்கட்டும், ஒரு மூச்சு விட்டு அடுத்த வரி. பஸ்ஸரைப் பற்றிக் கமெண்ட் அடிக்கும் ஆசை வரும், வேண்டாம்.

#14 ஒற்றைமைக்

நேற்று ஆடிஷன் முடிந்தது. உங்கள் எல்லாருக்கும் சொல்லவேண்டும்.

மூன்றாம்மணி சார் சொன்ன அதே அறை. மேசை, இரண்டு பேர், கேமரா. ஐந்து மணி நேரம் காத்திருந்தேன். எனக்கு முன்னால் போன பாடகி அழுதுகொண்டே வெளியே வந்தாள், அதைப் பார்த்ததும் கால் கொஞ்சம் ஆடியது. உள்ளே போனால் மைக் இல்லை. வலது கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டில் இதை யோசிக்கவே இல்லை, அடுத்து போகிறவர்கள் வெறுங்கையோடும் பழகிக்கொள்ளுங்கள்.

"தெரியறது நெத்தி" சொல்லி நிறுத்தினேன். மௌனம். இரண்டு நொடி அப்படியே விட்டேன். சுவரைப் பார்த்துப் பேசிப் பழகியிருக்காவிட்டால் அந்த இரண்டு நொடியைத் தாங்கியிருக்கமாட்டேன். "அதே நெத்தி"யில் எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. "தள்ளுங்க, நான் பேசறேன்" வந்ததும் பக்கத்தில் இருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். கேமராவுக்குப் பின்னால் நின்ற பையன் சத்தமாகவே சிரித்துவிட்டான்.

"வேற இருக்கா?" என்று கேட்டார்கள். 60 நொடி கொடுத்தேன். அது சுமார்தான், நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டேன். மூன்று வாரத்தில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

#15 தேன்சிட்டு

தம்பி, ரொம்ப சந்தோஷம். செட்டுக்கு முன்னாடி ஏதாவது கேட்டாங்களா? என்ன சொன்னே?

#16 ஒற்றைமைக்

கேட்டார்கள் அக்கா. "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னு. நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தப் பதிலைத்தான் செட்டை விட அதிகமாக எழுதி எழுதிப் பார்த்திருந்தேன். "வெளியூர்ல வேலை. மூணு வருஷமா அப்பா அம்மாகிட்ட வீடியோ கால்தான்"னு சொன்னேன். அந்த அம்மா "அடடா"ன்னாங்க. "தொடங்கலாம்"னாங்க. கடிகாரம் ஓட ஆரம்பித்தபோது செட்டப், அதாவது ஜோக்குக்கு முன்னால் சொல்லவேண்டிய பின்னணி, ஏற்கெனவே முடிந்திருந்தது. "மூணு வருஷம்" வரியை வெட்டிவிட்டேன். 4 நொடி மிச்சம். அதை "அதே நெத்தி"க்கு முன்னால் இருக்கும் இடைவெளிக்குக் கொடுத்தேன்.